மேதாவி வழக்கு

அவளுக்கு ‘அகராதி’ என்று பேர் வைத்தது அவளைப் பெற்றவள்தான். பிறந்தபோது வைத்த பேர் ஒன்று உண்டு. அது பள்ளிக்கூடத்தோடு சரி. எதைச் சொன்னாலும் ‘ஏன்?’ என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை வாயைத் திறக்காத பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, “ஊட்டி முடிக்கிறதுக்குள்ள உயிர் போகுது, சரியான அகராதி புடிச்சது” என்று அம்மா பக்கத்து வீட்டில் புலம்பினாள். பக்கத்து வீடு தெருவுக்குச் சொன்னது. தெரு ‘புடிச்சதை’க் கீழே போட்டுவிட்டு அகராதியை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டது.

அந்தப் பிள்ளை வளர்ந்து, மொழி படித்து, கடைசியில் போய் உட்கார்ந்த இடம் ஒரு பேரகராதி அலுவலகம். செய்தியைக் கேட்டு வீட்டில் சிரித்த சிரிப்பில், “பொருத்தமான எடத்துலதான் போய்ச் சேர்ந்திருக்கு” என்று அப்பா சொன்னது யாருக்கும் காதில் விழவில்லை.

கண்ணாடிக்கடைக்கு மேல் மாடி. படியேறினால் நீளமான ஒரே அறை. கூரை வரைக்கும் புத்தகங்கள், தூசிக்குப் பயந்து எப்போதும் சாத்தியிருக்கும் சன்னல்கள், ஒரு சுற்றுக்கு ஒரு முனகல் முனகும் மின்விசிறி. பேரகராதியின் பதிப்பாசிரியருக்கு அங்கே ஐயா என்று பேர். ஒல்லியான, நிமிர்ந்த, பொத்தான் ஒன்றுகூடத் திறந்திராத மனிதர். ஒரு சொல்லுக்குப் பொருள் எழுதுமுன் அதைக் கையில் எடுத்துப் பார்ப்பதுபோல விரல்களை உருட்டுவார். அவருக்கு அடுத்த நாற்காலி அகராதியுடையது.

இருவருக்கும் ஒத்துப்போகாத இடம் ஒன்றே ஒன்றுதான். ஐயாவுக்கு எழுத்தில் இருப்பதுதான் சொல். அகராதிக்கு வாயில் இருப்பதும் சொல். பேருந்தில் நின்றுகொண்டே காதைத் தீட்டி வைத்திருப்பாள். காய்கறி வாங்கப் போனால் காய் அழுகலாக வந்துசேரும், சொல் மட்டும் புதிதாக வரும்.

படித்தவர்களைக் குறிக்கும் சொற்கள் அவள் பங்குக்கு வந்தபோது இந்தச் சச்சரவு முற்றியது. அறிஞர், புலவர், பண்டிதர், மேதை, மேதாவி, வித்துவான். ஒவ்வொன்றையும் எழுதி ஐயாவிடம் கொடுத்தாள். ‘மேதாவி’க்கு வந்ததும் அவருடைய சிவப்புப் பேனா நின்றது. ‘பேரறிவு உடையவர்’ என்ற முதல் பொருளை விட்டுவிட்டு, ‘பேச்சு வழக்கில் கேலியாக’ என்று தொடங்கிய இரண்டாம் பொருளின் மேல் ஒரு கோடு இழுத்தார்.

“ஐயா, இப்ப யாரு அந்தச் சொல்லைப் பாராட்டுறதுக்குச் சொல்றாங்க?” என்றாள் அகராதி. “மேதை மேடையில ஏறி உக்காந்துக்கிச்சு. மேதாவி தெருவுக்கு எறங்கிடுச்சு. ‘அறிவுக்கொழுந்து’ன்னு ஒண்ணு இருக்கு, அதை இதுவரைக்கும் ஒரு ஆளாவது மரியாதையா சொல்லிக் கேட்டிருக்கீங்களா?”

“கேலி சொல்லுல இல்லம்மா, குரல்ல இருக்கு. குரலை எப்படி அச்சடிக்கிறது?” என்றார் ஐயா. அவள் கோடு விழுந்த தாளைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். பேரகராதி அச்சேறியது. மேதாவி ஒற்றைப் பொருளோடு, மாலை போட்ட படம்போல, அந்தப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டது.

ஒரு நாள் காலையில் அந்தப் படம் சட்டத்தைப் பிய்த்துக்கொண்டு கீழே விழுந்தது.

மூச்சு வாங்க மாடியேறி வந்தவர் ஒரு இளம் வக்கீல். கறுப்புக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டிருந்தார். கூடவே ஐம்பதை ஒட்டிய ஒரு பெண்மணி. இழுத்துக் கொண்டை போட்ட தலை, தேய்த்து மடிப்புக் கலையாத உடை. பிஸ்கட் தொழிற்சாலையில் கிரீம் பிரிவில் வேலை பார்த்தவர். அங்கே எல்லாரும் அவரை அக்கா என்பார்களாம். வக்கீலும் அக்கா என்றே அறிமுகப்படுத்தினார்.

“இவங்களை வேலையை விட்டு நீக்கிட்டாங்க மேடம். காரணம், ஒரே ஒரு சொல். மேலாளரை ‘மேதாவி’ன்னு சொல்லிட்டாங்களாம். ‘பலர் முன்னிலையில் மேலதிகாரியை இழித்துப் பேசியது’ன்னு உத்தரவு. ஆனா உங்க பேரகராதியில மேதாவின்னா பேரறிவு உடையவர்னு போட்டிருக்கு! புகழ்ந்ததுக்கு வேலை போகுமா? தொழிலாளர் கோர்ட்டுல நீங்க வந்து அதை ஒரு வாட்டி சொன்னா போதும், ஜெயிச்சுடலாம்.”

அகராதி வக்கீலைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தாள். “என்ன நடந்ததுன்னு நீங்க சொல்லுங்களேன்.”

அக்கா நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார். வேலை பார்த்துக்கொண்டே, பிள்ளைகளைக் கரையேற்றிய பிறகு, அஞ்சல் வழியில் வரலாறு படித்திருக்கிறார். பட்டமும் வாங்கிவிட்டார். ஆசையாகத் தொழிற்சாலையில் சொன்னார். கூட வேலை பார்க்கும் பெண்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். மேலாளர் மட்டும் சிரித்தாராம்.

“அன்னையிலேருந்து எனக்குப் பேரே போயிடுச்சுங்க. ‘வா டாக்டரம்மா’, ‘புரொபசருக்கு இன்னைக்குக் கை ஓடலையா’, ‘பண்டிதர் கழிவறைக்குப் போயாச்சா’ன்னு. ஒரு தட்டு கவுந்தா ‘படிச்சவன் பாட்டைக் கெடுத்தான்’ம்பாரு. எல்லாம் பெரிய பெரிய பட்டம். யாருகிட்டப் போயி என்னன்னு சொல்லி அழறது? ‘டாக்டர்னு கூப்பிட்டாரு’ன்னு புகார் குடுத்தா சிரிக்க மாட்டாங்களா?”

“அப்புறம் அந்த நாள்?”

அக்காவின் முகத்தில் அடக்க முடியாமல் ஏதோ ஒன்று எட்டிப் பார்த்தது. “கிரீம் ஊத்துற குழாய் அடைச்சுக்கிச்சு. மெக்கானிக் டீ குடிக்கப் போயிருந்தாரு. ‘வர்ற வரைக்கும் தொடாதீங்க’ன்னு எழுதியே மாட்டியிருக்கும். இவரு வந்தாரு. ‘தள்ளுங்க எல்லாரும், இது ஒரு விஷயமா’ன்னு பச்சை பட்டனை அழுத்துனாரு. அழுத்துனதுதான் தெரியும். குழாய் வாயைப் பொளந்துக்கிட்டு… கண்ணாடி, டை, தலைமுடி, காது எல்லாம் ஸ்ட்ராபெரிங்க. யாரும் மூச்சு விடல. நான்தான் வாயைத் தொறந்துட்டேன். ‘மேதாவி வேலையைக் காட்டிட்டாரு’ன்னேன். அவ்வளவுதான். பேக்கிங்ல இருந்த புள்ளைங்க எல்லாம் தரையில உக்காந்து சிரிக்குதுங்க.”

எப்போதும் உம்மென்றிருக்கும் ஐயா தலையைத் திருப்பிக்கொண்டு இருமினார்.

“சொல்லும்போது என்ன நெனச்சுச் சொன்னீங்க?” என்று கேட்டாள் அகராதி. வக்கீல் கண்ணால் ஏதோ சாடை காட்டினார். அக்கா அதைப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி சொன்னார்: “கேலியாத்தாங்க. மூஞ்சியில கிரீம் வழியுது. வேற எப்படிச் சொல்றது?”

“அப்ப நானும் கேலின்னுதான் சொல்லுவேன்.”

வக்கீல் தலையில் கையை வைத்துக்கொண்டார். “மேடம், நீங்க எங்க சாட்சியா, கம்பெனி சாட்சியா? நான் புகழ்ச்சின்னு நிரூபிக்கணும்!”

“அது நிக்காது தம்பி. நாளைக்குக் கம்பெனி வக்கீல் உங்களைப் பார்த்து ‘மேதாவி’ன்னு ஒரு வாட்டி சொன்னா போதும், கோர்ட்டே சிரிச்சுடும். பொய்யை நட்டு வெச்சா அதுக்குக் காவல் நிக்கவே பொழுது போயிடும்.”

வக்கீல் எழுந்துவிட்டார். எழாமல் இருந்தது அக்காதான். “அவங்களே வரட்டும் சார்,” என்றார். “பொய் சொல்லித்தான் உள்ள போகணும்னா அந்த வாசப்படியே எனக்கு வேணாம்.”

அவர்கள் இறங்கிப் போனதும் ஐயா விரல்களை உருட்டத் தொடங்கினார். “போறதுன்னா உன் சொந்தப் பொறுப்புல போ. பேரகராதி போட்ட பொருளை நாலு பேர் முன்னாடி தப்புன்னு சொல்லப் போறியா?”

“தப்புன்னு சொல்லல ஐயா. பாதின்னு சொல்லப் போறேன்.”

அவர் சிவப்புப் பேனாவைத் திறந்து அடுத்த சொல்லுக்குப் போனார்.

வீட்டுக்கு வந்தும் அகராதியின் மனம் ஆறவில்லை. வாய்வீச்சாக ‘வரேன்’ என்று சொல்லியாகிவிட்டது. போய்க் கேலிதான் என்று சொன்னால் அக்காவின் வேலைக்கு அவளே மண்ணள்ளிப் போட்ட மாதிரி ஆகும். உண்மையும் சொல்ல வேண்டும், அக்காவும் பிழைக்க வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டியது.

சாப்பிட உட்கார்ந்தபோதும் அதே நினைப்பு. எதிரே கணவர், பக்கத்தில் மாமியார். கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர்; நாள் முழுக்கப் பிள்ளைகளோடு இருந்து இருந்து அவருக்கும் வாய் சும்மா இருக்காது.

“புலவரே, தட்டுல என்ன ஆராய்ச்சி? கொஞ்சம் தண்ணி எடு,” என்றார் அவர்.

அகராதி தண்ணீர்ச் சொம்பை நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னாள்: “இந்தாங்க மேதாவி.”

அவருக்குச் சுருக்கென்றது. “என்ன, கிண்டலா?”

“நீங்க புலவரேன்னது?”

“அது செல்லமா சொன்னது!”

“நான் சொன்னதும் செல்லந்தான்.”

“ஆமா, செல்லம்! மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுதே.”

மாமியார் சிரித்துக்கொண்டே குறுக்கே வந்தார். “நல்லா இருக்குடா உன் நியாயம். உன் வாயிலேருந்து வந்தா செல்லம், அவ வாயிலேருந்து வந்தா கிண்டலா? ஒரே கடைச் சரக்கு, உனக்கு மட்டும் எப்படிடா வேற தராசு?”

அகராதியின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. “அத்தை, இன்னொரு வாட்டி சொல்லுங்க,” என்றாள்.

“எதை? தராசையா?”

“அதேதான்!” என்று எழுந்துபோய், கைகழுவும் ஞாபகம்கூட இல்லாமல் வக்கீலுக்குப் போன் செய்தாள். “தம்பி, மேலாளர் கூண்டுல ஏறும்போது ஒண்ணே ஒண்ணு கேளுங்க. அக்காவை என்னன்னு கூப்பிடுவீங்க, எப்படிக் கூப்பிடுவீங்கன்னு. பதில் எதுவா இருந்தாலும் மறுத்துப் பேசாதீங்க. அவர் போக்குலயே பேச விடுங்க.”

“அதுல என்ன வரப்போகுது?”

“தெரியல. ஆனா ஏதோ வரும்.”

விசாரணை நாள் வந்தது. தொழிலாளர் நீதிமன்றம் என்றால் பெரிய தூணும் மண்டபமும் அல்ல. ஒரு பழைய அலுவலகக் கட்டடத்தின் தரைத்தளம். சாயம்போன திரை, ஒரு பக்கம் சாய்ந்த பெஞ்சுகள், ஒலிபெருக்கி இருந்தும் எல்லாரும் கத்தித்தான் பேச வேண்டும். நீதிபதி ஓர் அம்மையார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்துவிட்டு அதையே மேசையில் தேடிக்கொண்டிருந்தார். பெஞ்சுகள் நிறையக் கிரீம் பிரிவுப் பெண்கள். இரவு வேலை முடித்து நேராக வந்தவர்கள் போல, பலருடைய கையில் சாப்பாட்டுத் தூக்கு. அகராதி நிபுணர் சாட்சி என்பதால் உள்ளேயே உட்கார அனுமதித்தார்கள். சொல்லோடு பழகியவள்தான், சபையோடு பழகியவள் அல்ல.

முதலில் மேலாளர் ஏறினார். அக்காவைவிட நிச்சயம் இளையவர். தலைமுடி படிய வாரி, நல்ல கோட்டுப் போட்டு, வெளிநாட்டில் வாங்கிய பட்டத்தைப் பேரோடு சேர்த்தே சொல்லிக்கொண்டார். நடந்ததைச் சொல்லும்போது ஸ்ட்ராபெரிக்கு வந்ததும் குரல் தழுதழுத்தது. பின் பெஞ்சில் யாரோ களுக்கென்றார்கள். நீதிபதி நிமிர்ந்து பார்த்ததும் அடங்கியது.

இளம் வக்கீல் எழுந்தார். “இந்த அம்மாவை நீங்க என்னன்னு கூப்பிடுவீங்க?”

“டாக்டரம்மான்னு கூப்பிடுவேன். சில நேரம் புரொபசர்.”

“எதுக்கு?”

“அவங்க பட்டம் வாங்கினவங்க. படிச்சவங்களுக்குக் குடுக்குற மரியாதை. மரியாதை குடுக்குறது குத்தமா?” என்று மேலாளர் நீதிபதியைப் பார்த்துப் புன்னகைத்தார். கம்பெனி வக்கீலும் புன்னகைத்தார்.

“எப்படிக் கூப்பிடுவீங்க? ஒரு உதாரணம் சொல்லுங்க.”

“உதாரணமா… ‘டாக்டரம்மா, அந்தத் தட்டைத் தூக்கு.’ ‘புரொபசரே, இங்க வந்து துடை.’ வேலை இடத்துல சகஜமாப் பேசுறது. இதுல என்ன இருக்கு?”

அகராதிக்கு முதுகுத்தண்டு நிமிர்ந்தது. தராசு மட்டும் கையில் இருந்தது, எடைக்கல் தேடிக்கொண்டிருந்தாள். அந்த மனிதர் தன் வாயாலேயே எடுத்துக் கொடுத்துவிட்டார். குரலை எப்படி அச்சடிக்கிறது என்று ஐயா கேட்ட கேள்விக்கான பதிலும் அந்த ‘தூக்கு’வில் தொங்கிக்கொண்டிருந்தது.

அவளைக் கூப்பிட்டார்கள். ஏறினாள். இளம் வக்கீல் அவளுடைய படிப்பையும் வேலையையும் கேட்டுவிட்டு, வேண்டிக்கொள்வதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டு உட்கார்ந்தார். கம்பெனி வக்கீல் பேரகராதியைத் தூக்கிக்கொண்டு வந்தார். நல்ல கனமான புத்தகம். பாவம், தோள் ஒரு பக்கம் சாய்ந்தது.

“இதுல நீங்களும் வேலை பார்த்திருக்கீங்க. மேதாவின்னா பேரறிவு உடையவர். சரிதானே?”

“சரி. பாதி.”

“இவங்க அதைப் புகழ்ச்சியாவா சொன்னாங்க, கேலியாவா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.”

“கேலி.”

பெஞ்சுகளில் ‘ஐயையோ’ என்று ஒரு அலை எழுந்தது. இளம் வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். கம்பெனி வக்கீல் பேரகராதியைப் பொத்தென்று மூடி, “வேற கேள்வி இல்லை,” என்று வெற்றிநடை போட்டுத் திரும்பினார்.

அகராதி இறங்கவில்லை. “அம்மா, கேலின்னு எப்படிக் கண்டுபிடிச்சேன்னு யாருமே கேக்கலையே,” என்றாள்.

நீதிபதி நெற்றியிலிருந்த கண்ணாடி தானாக இறங்கி மூக்கில் உட்கார, அதன் வழியாக அவளைப் பார்த்தார். “நான் கேக்குறேன். எப்படி?”

“சொல்லை மட்டும் பார்த்தா தெரியாதும்மா. அது யாருக்கு, எந்த நேரத்துல சொல்லப்பட்டதுன்னு பார்க்கணும். ஒருத்தர் அறிவைக் காட்டும்போது மேதாவின்னா புகழ்ச்சி. கிரீம் வழியும்போது சொன்னா கேலி. அதே மாதிரி ஒருத்தர் நோயைக் குணமாக்கும்போது டாக்டர்னா மரியாதை. தட்டைத் தூக்கச் சொல்லும்போது சொன்னா?”

“ஆட்சேபணை!” என்று கம்பெனி வக்கீல் பாதி வழியில் திரும்பினார். “அது மரியாதைன்னு அவரே சொல்லியிருக்காரு. அவர் மனசுல இருந்தது இவங்களுக்கு எப்படித் தெரியும்?”

“மனசு எனக்குத் தெரியாதுங்க. வாக்கியம் தெரியும்,” என்றாள் அகராதி. “அவரு சொன்னதை அவரே சொன்ன மாதிரி சொல்றேன். ‘டாக்டரம்மா, அந்தத் தட்டைத் தூக்கு.’ டாக்டரம்மான்னு ஏணி போட்டு மேல ஏத்துறாரு. மரியாதையா ஏத்தியிருந்தா அடுத்து என்ன வரணும்? ‘தூக்குங்க.’ ஆனா வந்தது ‘தூக்கு’. ‘புரொபசரே, வந்து துடை.’ ‘துடைங்க’ இல்லை, ‘துடை’. நம்ம பேச்சுல மரியாதை வாக்கியத்தோட தலையில இல்லம்மா, வால்லதான் இருக்கு. தலையில கிரீடத்தை வெச்சுட்டு வாலைப் புடிச்சு இழுத்தா அதுக்குப் பேரு மரியாதையா?”

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எத்தனையோ நாளாகக் காதில் விழுந்து உறுத்திக்கொண்டிருந்தது இன்னதென்று ஒருத்தி வந்து கையில் எடுத்துக் காட்டிவிட்ட மாதிரி இருந்தது அவர்களுக்கு.

கம்பெனி வக்கீல் லேசில் விடுகிறவர் அல்ல. “எங்க மேலாளர் எல்லாத் தொழிலாளியையும் உரிமையா ‘நீ, வா, போ’ன்னுதான் பேசுவாரு. இவங்களுக்குன்னு தனியா ஒண்ணும் இல்லையே?”

“நல்ல கேள்விங்க,” என்றாள் அகராதி. உண்மையிலேயே நல்ல கேள்வி என்று அவளுக்குத் தோன்றியது. “எல்லாருக்கும் ‘தூக்கு’தான்னா, மத்தவங்களுக்கு இல்லாத டாக்டர் இவங்களுக்கு மட்டும் எதுக்கு? ஏத்துறது இவங்களை மட்டும், எறக்குறது எல்லாரையும் போலன்னா, கீழ தள்ளுறதுக்காகத்தானே மேல ஏத்துனது? தரையில நிக்கிறவங்களுக்கு விழுந்தா அடி படாது.”

“அப்ப இவங்க சொன்னது? அதுவும் கேலின்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க!”

“ஒத்துக்கிறேன். கேலியேதான். ஆனா அந்த வாக்கியத்தையும் வால் வரைக்கும் படிங்க. ‘மேதாவி வேலையைக் காட்டிட்டாரு.’ ‘காட்டிட்டான்’னு சொல்லல. சிரிப்பு தாங்காம வாயிலேருந்து நழுவுன சொல்லு, யோசிச்சுப் பேச நேரம் இல்லை, எதிர்ல நிக்கிற ஆளு தலையிலேருந்து கால் வரைக்கும் ஸ்ட்ராபெரி. அப்பக்கூட இந்த அம்மா அவருக்கு ‘ஆரு’ போட்டிருக்காங்க. ரெண்டு பேரும் கேலி பண்ணினாங்க அம்மா. அதுல ஒருத்தர் மட்டும்தான் மரியாதையை விடாம கேலி பண்ணினாங்க.”

பின் பெஞ்சிலிருந்து ஒரு கைதட்டல் எழுந்து, அடுத்த பெஞ்சுக்குத் தாவி, அறை முழுக்கப் பரவியது. சாப்பாட்டுத் தூக்கெல்லாம் கணகணவென்று ஒலித்தது. “அமைதி, அமைதி!” என்றார் நீதிபதி, அதை அவர் அவசரப்பட்டுச் சொல்லவில்லை.

அடங்கியதும் அவர் கம்பெனி வக்கீல் பக்கம் திரும்பினார். “கேலி பண்ணினா வேலை போகும்னு உங்க விதி. இந்த அம்மா ஒரு வாட்டி பண்ணியிருக்காங்க. இவரு தினமும் பண்ணியிருக்காரு, இங்க கூண்டுல ஏறி நடிச்சும் காட்டியிருக்காரு. இவர் மேல நடவடிக்கை எப்ப ஆரம்பிச்சீங்க?”

கம்பெனி வக்கீல் பேரகராதியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். மேலாளருடைய காது, அன்றைக்குக் கிரீம் பட்டபோது இருந்த நிறத்துக்கே வந்திருந்தது.

அகராதி கூண்டிலிருந்து இறங்கும்போதுதான் கவனித்தாள். கடைசிப் பெஞ்சின் மூலையில், சுவரோடு சுவராக, பொத்தானெல்லாம் போட்டபடி ஐயா உட்கார்ந்திருந்தார். எப்போது வந்தார் என்று யாருக்கும் தெரியாது. விரல்கள் உருண்டுகொண்டிருந்தன.

வெளியே தாழ்வாரத்தில் அக்கா ஓடிவந்து அகராதியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். இளம் வக்கீல்தான் இருவருக்கும் சேர்த்துப் பேசினார். “மேடம், ‘கேலி’ன்னு சொன்னீங்க பாருங்க, அப்ப என் உயிர் போய்த் திரும்பி வந்துச்சு. ஆனா போனதே நல்லதுக்குத்தான்!”

கூட்டம் விலகக் காத்திருந்த ஐயா மெல்ல வந்தார். “குரலை அச்சடிக்க முடியாதுன்னு சொன்னேன்ல?” என்றார்.

“சொன்னீங்க ஐயா.”

“வினையை அச்சடிக்கலாம். அது எனக்குத் தோணாம போச்சு.” தொண்டையைச் செருமிக்கொண்டார். “அடுத்த பதிப்புல மேதாவிக்கு ரெண்டாம் பொருள் போடு. டாக்டருக்கும் போடு. எடுத்துக்காட்டு வாக்கியம் முழுசா வரணும், பாதியில வெட்டாதே. முடிக்கிற சொல்லு கண்டிப்பா இருக்கணும். அறிவுக்கொழுந்துக்கு…” என்று நிறுத்தி, அவளுக்குத் தெரிந்து முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தார். “அதுக்கு முதல் பொருளே வேணாம். நேரா ரெண்டாவதுக்குப் போயிடலாம்.”

அகராதி அன்று வீட்டுக்குப் பேருந்தில் போகவில்லை, நடந்தே போனாள். தெரு முழுக்க ஆட்கள் பேசிக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு வாக்கியமும் வாலை ஆட்டிக்கொண்டு அவளைக் கடந்து போனது. வழியெல்லாம் சிரித்துக்கொண்டே போனவளைப் பார்த்து இரண்டொருவர் ஒதுங்கி வழிவிட்டார்கள். வீட்டில் மாமியாரிடம் தராசு பட்ட பாட்டைச் சொன்னபோது அவர் மகனைக் கூப்பிட்டு, “கேட்டியாடா? கோர்ட்டுலயே செல்லுபடியாகியிருக்கு என் பேச்சு,” என்று மார்தட்டிக்கொண்டார். கணவர் அன்று தண்ணீரைத் தானே எடுத்துக் குடித்தார்.

தீர்ப்பு வரக் கொஞ்ச காலம் பிடித்தது. வந்தபோது முழுசாக வந்தது. அக்காவின் நீக்கம் செல்லாது, பழைய இடத்தில் பழைய தகுதியோடு திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும், இடைப்பட்ட காலம் முழுவதும் வேலையில் இருந்ததாகவே கொள்ள வேண்டும். அதோடு நீதிபதி ஒரு வரி சேர்த்திருந்தார்: தொழிலாளர் கல்வி பெறுவதை எந்தச் சொல்லாலும், அது எவ்வளவு உயர்ந்த சொல்லாயினும், இழிவு செய்யக் கூடாது.

அந்த வரியைக் கிரீம் பிரிவுப் பெண்கள் மனப்பாடம் செய்துவிட்டார்கள். பிரிவில் இன்னும் சிலர் அஞ்சல் வழியில் படிக்கப் பேர் கொடுத்தார்கள். கொடுத்ததை மறைக்காமல் சாப்பாட்டு மேசையில் வைத்தே சொன்னார்கள்.

திரும்ப வேலைக்குச் சேர்ந்த முதல் நாளை அக்காவே வந்து அகராதியிடம் சொன்னார். வாசலில் காவலாளி எழுந்து நின்றிருக்கிறார். உள்ளே போனதும், ஓடிக்கொண்டிருந்த பெல்ட்டை நிறுத்த முடியாததால், பெண்கள் ஒரு கையால் பிஸ்கட்டை அடுக்கிக்கொண்டே மறு கையால் மேசையைத் தட்டியிருக்கிறார்கள். தொழிற்சாலை முழுக்க டம டமவென்று ஒரே முழக்கம். கிரீம் பிரிவு வாசலில் மேலாளர் நின்றிருந்தாராம். என்ன சொல்லிக் கூப்பிடுவதென்று தெரியாமல் அவர் வாய் ஒன்றிரண்டு சொல்லை எடுத்து எடுத்துக் கீழே வைத்திருக்கிறது. டாக்டர் வரவில்லை. புரொபசர் வரவில்லை. கடைசியில் அவருக்கு மிஞ்சியது இவ்வளவுதான்:

“வாங்க. உக்காருங்க.”

அக்கா தலையில் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, கையுறையை இழுத்து மாட்டியபடியே சொன்னாராம்:

“உக்கார நேரமில்லைங்க. பெல்ட் ஓடுது. கொஞ்சம் தள்ளுங்க.”

மேலாளர் தள்ளி நின்றார்.